விளக்கு எரிகிறது, யார் விழித்திருப்பது?

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வகுப்பில் ஆற்றிய உரை)



விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னார்கள். ராக்கெட், அணு என்று ஆரம்பித்தால் பகல் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் இங்கேயே உறங்கிவிடுவீர்கள். ஆகவே நம் தலைக்கு மேல் எரிகிற இந்த விளக்கைப் பற்றியே பேசுவோம்.

லண்டனில் மைக்கேல் பாரடே என்று ஒருவர் இருந்தார். கொல்லர் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் ஏழு வருஷம் தொழில் பழகியவர். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே விஞ்ஞானம் கற்றார். செம்புக் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, அசைவு நின்றால் மின்சாரமும் நிற்கிறது என்று 1831-ல் கண்டுபிடித்தார். விஷயம் இவ்வளவுதான். பைக்காராவில் நடப்பதும் இதுவே. நீலகிரி மலையில் சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியில் மின்சாரம் பிறக்கிறது. 1932-ல் அந்த நிலையம் ஓடத் துவங்கியது. அந்த மின்சாரம் இறங்கி வந்த பிறகுதான் கோவை வட்டாரத்தில் மில்கள் மளமளவென்று பெருகின. கிணற்றடியில் மோட்டாரும் வந்தது.

கவலை இறைத்த குடும்பத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன் மாட்டைப் பூட்டி, வெயில் ஏறும்வரை முன்னும் பின்னும் நடந்த நடையைச் சொல்வார்கள். மாட்டுக்கும் மனிதனுக்கும் அந்த நடையை மிச்சப்படுத்தியது விஞ்ஞானம். இதை நாம் மனமார வரவேற்கிறோம். இயந்திரத்தை ஏசுவது நம் வேலையல்ல.

ஆனால் இதே விளக்கு பம்பாயில் செய்த வேலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். மில்லில் மின்விளக்கு இல்லாத காலத்தில் சூரியன்தான் மேஸ்திரி. விடிந்தால் வேலை துவங்கும், இருட்டினால் நிற்கும். அதுவே கொடுமையான நீளம்தான். இருந்தாலும் இருட்டு என்று ஒன்று வந்து காப்பாற்றியது. 1905 வாக்கில் துணிக்கு நல்ல கிராக்கி. முதலாளிகள் பல மில்களில் மின்விளக்குப் போட்டார்கள். வேலை நேரம் 14 மணி, 15 மணி என்று நீண்டது. தொழிலாளர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 1908-ல் சர்க்கார் கமிஷன் விசாரித்தது. துணி ஆலைகளில் ஆண்களுக்கு 12 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று 1911-ல் சட்டம் வந்தது. 1922-ல் 11 மணி ஆயிற்று. 1934-ல் 10 மணி. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. பனிரண்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்க முப்பது வருஷத்துக்கு மேல்! பல்பு மாட்ட அரை மணி போதும்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2023 ஏப்ரலில் நம் தமிழ்நாட்டுச் சட்டசபையிலேயே 12 மணி வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. பழைய எண் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து கதவைத் தட்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மில் தொழிலாளியைப் பார்க்கப் போயிருந்தோம். மில்லின் பெயர் வேண்டாம். அரை நைட் முடித்தவரை, மாற்று ஆள் வரவில்லை என்று முழு நைட்டுக்கும் நிறுத்திக்கொண்டார்கள். கார்டிங் இயந்திரத்தில் விரல் நுனி போய்விட்டது. "லைட்டு பகலாட்டம்தாங்க எரிஞ்சுது. எனக்குத்தான் ராத்திரியாப் போச்சு" என்றார். அவருடைய சம்சாரம் ஒன்றும் பேசவில்லை. நமக்கும் பேச வாய் வரவில்லை.

கிராமத்துத் தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கைபேசியிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் இப்போது கருவி கிடைக்கிறது. நிலத்துக்காரர் படுக்கையிலிருந்தபடியே மோட்டாரைப் போடுகிறார். தண்ணீர் பாய்கிறது. மடை திருப்புவது யார்? நடு இரவில் டார்ச்சும் மண்வெட்டியுமாக வரப்பில் நடப்பவர் நம் ஆள்தான். பாம்பு கிடப்பதும் அந்த வரப்பில்தான். பகல் கூலிக்கு வந்தவரை இரவு மடைக்கும் சேர்த்து அனுப்புகிறார்கள், தனிக் கூலி கிடையாது. "தோட்டத்தில்தானே இருக்கிறாய், ஒரு எட்டு பார்த்துவிட்டு வா" என்பார்கள். அந்த ஒரு எட்டு சில நாள் விடியும்வரை நீள்கிறது.

ஆகவே இரவு மடைக்குத் தனிக் கூலி, முழங்கால் வரை பூட்ஸ், நல்ல டார்ச். இம்மூன்றையும் அடுத்த கூலிப் பேச்சில் நாம் வைக்கப் போகிறோம். மில்லில், தொடர்ந்து இரண்டு ஷிப்ட் நிறுத்தி வைக்கப்பட்ட தேதிகளை ஒவ்வொருவரும் நோட்டில் குறித்து வையுங்கள். எழுத வராதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி எழுத வையுங்கள். நோட்டுகளைச் சங்கத்தில் சேர்த்து, தொழிற்சாலை ஆய்வாளர் முன் வைப்போம்.

இனி உங்கள் கேள்விகள். முழு நைட்டுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.