படிப்பை விடுவதும் பணம் நிற்பதும்

(திருப்பாதிரிப்புலியூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம், கலாசாலையில் சேர்ந்த பிள்ளை நடுவில் படிப்பை விட்டால் உதவிப் பணம் என்ன ஆகும் என்பதாகும். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தமென்று சிலர் கேட்கலாம். நிரம்பச் சம்பந்தம் உண்டென்பதே நமது அபிப்பிராயம்.

நமது இயக்கத்தில் உழைத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989ல் ஏழைப் பெண்களுக்குக் கலியாண உதவி ஏற்பட்டது. 2022ல் அது படிப்பு உதவியாக மாற்றப்பட்டது. சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு, மேல்படிப்பு இடைவிடாது முடியும்வரை மாதம் 1000 ரூபாய் என்று ஏற்பாடாயிற்று. 2024ல் ஆண் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அதாவது, தாலிக்குப் போன பணம் புத்தகத்துக்குத் திரும்பிற்று.

ஆனால் நம் ஜனங்கள் செய்வதென்ன? பெண் இரண்டாம் வருஷம் முடிக்கும்போது சோதிடன் வந்து, "குருபலம் வந்துவிட்டது, இதை விட்டால் ஆகாது" என்கிறான். உடனே படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். படிப்பு நின்றால் பணமும் நிற்கும். மீதி ஓராண்டுக்கு 12,000 ரூபாய் போயிற்று, பட்டமும் போயிற்று. அந்த நஷ்டத்தைச் சோதிடன் கட்டுவானா? குருபகவான்தான் கட்டுவாரா?

ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்கு மத்திய சர்க்கார் தரும் உபகாரச் சம்பளம் 1944ல் தொடங்கியது. வகுப்புக்கு ஒழுங்காய்ப் போவது அதற்கு நிபந்தனை. வருஷத்தின் நடுவில் படிப்பை விட்டவரிடம் வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்க மாகாண சர்க்காருக்கு அதிகாரம் உண்டென்றும் அதன் விதிகளில் எழுதப்பட்டு வந்திருக்கிறது. பணம் நிற்பது மட்டுமல்ல, கடனாய்த் திரும்பவும் கூடும்.

கட்டிய சம்பளத்துக்கும் கணக்குண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் செய்த விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு பிடித்தம் போக முழுத்தொகையும் திரும்பும். அதற்குப் பிந்தி, ஆனால் கடைசித் தேதிக்கு முன் என்றால் 90 பங்கு. அத்தேதிக்குப் பின் 15 நாளுக்குள் 80. 30 நாளுக்குள் 50. அதற்கும் பிந்தினால் ஒன்றுமில்லை. சில வருஷங்களில் இதைவிடத் தாராளமான உத்தரவும் வந்ததுண்டு. அசல் சர்ட்டிபிகேட்டுகளைக் கலாசாலை பிடித்து வைக்கக்கூடாதென்பதும் அதே விதிதான்.

ஆகவே தோழர்களே, வியாதியாலோ வறுமையாலோ விலக நேர்ந்தால் சொல்லாமல் வீட்டில் உட்காராதீர்கள். முதலில் பிரின்சிபாலைக் கண்டு, விலகாமலிருக்க வழியுண்டா என்று கேளுங்கள். வியாதியானால் டாக்டர் சர்ட்டிபிகேட்டைக் கொடுங்கள். விலகித்தான் தீரவேண்டுமானால், தேதியைப் பார்த்து, எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் தலைவிதி" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்துச் சிதம்பரத்தில், நந்தனைத் தீயில் இறக்கிய கதை பாடப்படும் ஊரில், சகஜானந்தர் 1916ல் தீண்டப்படாதார் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். 1953ல் பாதிநாள் அப்பன் தொழில் என்று வந்த கல்வித் திட்டம் எதிர்ப்பினால் 1954ல் ஒழிந்தது. இவற்றைச் செய்தது தலைவிதியல்ல, மனிதனின் முயற்சியே. நம்மைப் படிக்கவிடாமல் வைத்தவர்கள் அன்று பிறர். இன்று நம் பிள்ளையை நாமே நிறுத்தினால் யாரைக் குற்றம் சொல்வது?

சர்க்கார் விதியை அச்சில் பார்க்கலாம். தலைவிதியைப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. பார்க்கக்கூடியதைப் படித்து, பிள்ளைகளைப் படிப்பை முடிக்க வையுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறோம்.