பன்னிரண்டு வீட்டுக் கோழியும் ஒரு குப்பி மருந்தும்

(குடியரசு தினத்தன்று நமது சமுதாயக் கூடத்தில், மூத்த உறுப்பினரும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தருமான ஏ பிளாக் குடியிருப்பாளர் ஆற்றிய உரை.)



இந்த முறை எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் கேட்டார். கோழி என்றேன். "வளாகத்துக்குள்ள கோழி வளர்க்க நம்ம விதியில இடமில்லையே சார்" என்றார். வளர்க்க அனுமதி கேட்க வரவில்லை. நாம் சாப்பிடுகிற நாட்டுக்கோழி முட்டைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நான் பி.காம். படித்தவன், மருத்துவன் அல்ல. ஆகவே கணக்கை மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமைதோறும் பின் கேட்டுக்கு முட்டையும் கீரையும் கொண்டு வரும் அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். போன ஆடி மாதம் தொடங்கி ஏழு வாரம் அவர் வரவில்லை. "முட்டைக்காரம்மா எங்கே?" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார். இன்னொருவர் ஒரு செயலியின் பெயரைப் போட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எட்டாவது வாரம் அந்த அம்மா வந்தார். கூடையில் கீரை மட்டும் இருந்தது.

"முட்டை எங்கீங்கம்மா?"

"கோழியே இல்லீங்க சார். இருபத்தி மூணும் நாலு நாள்ல போயிருச்சுங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் பழைய கதை ஒன்று.

1984இல் நான் வங்கியில் சேர்ந்தேன். முதல் பணியிடம் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளை. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு மானியத்தோடு கடன் கொடுத்துக் கொண்டிருந்த காலம். சிலருக்குக் கறவை மாடு, சிலருக்கு ஆடு, சிலருக்குக் கோழி. ஒரு விதவைப் பெண்ணுக்கு 1,500 ரூபாய் கோழிக் கடன் கொடுத்தோம். முதல் நாலு மாதம் தவணை வந்தது. பிறகு நின்றுவிட்டது. பார்வையிடப் போன அதிகாரியோடு நானும் போனேன். கூண்டு காலி. "சீக்கு வந்து செத்துருச்சு சாமி" என்று அந்தப் பெண் அழுதார். செத்ததற்குச் சான்று இல்லை. கால்நடை மருத்துவர் பார்க்கவில்லை, காப்பீடும் இல்லை. அறிக்கையில் 'கோழிகளை விற்றிருக்கக்கூடும்' என்று எழுதினார்கள். நோட்டீஸை டைப் அடித்தவன் நான். அந்தப் பெண் காதில் கிடந்ததை விற்றுக் கடனைக் கட்டினார். பேரேட்டில் கணக்கை முடித்துக் கோடு போட்டதும் நான்தான். அவர் சொன்னது உண்மை என்பது எனக்கு நாற்பது வருடம் கழித்து, நம் பின் கேட்டில் நின்றபோதுதான் உறைத்தது.

இருபத்து மூன்று கோழிகளை நாலே நாளில் கொல்லக்கூடிய சீக்குக்கு வெள்ளைக்கழிச்சல் என்று பெயர். ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள். வடக்கே குமாவூன் மலையில் உள்ள ராணிக்கெட் என்ற ஊரில் முதலில் அடையாளம் கண்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர். உலகத்தில் மற்ற இடங்களில் நியூகாசில் நோய். வைரஸால் வருவது. கோழி சோர்ந்து உட்காரும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். மூச்சுத் திணறும். சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடுமையாக வந்தால் பத்தில் எட்டு ஒன்பது போய்விடும். வந்த பிறகு மருந்து கிடையாது. அவ்வப்போது செய்தியில் வரும் பறவைக் காய்ச்சல் வேறு, இது வேறு.

மருந்து இல்லை என்பது தெரியாததால் ஊரில் என்ன செய்கிறார்கள்? மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுக்கிறார்கள். அதனால் கெடுதல் இல்லை. சிலர் மெடிக்கல் ஷாப்பில் கேப்சூல் வாங்கிப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து விடுகிறார்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த மருந்தின் மிச்சம் முட்டையில் தங்கி நம் பிள்ளைகளின் தட்டுக்கு வரலாம். இன்னும் சிலர், சாகிறதுக்குள் காசாக்கிவிடலாம் என்று சீக்குக் கோழியைச் சந்தைக்குக் கொண்டு போகிறார்கள். நோய் அடுத்த ஊருக்குப் போகிற பஸ் அதுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முழுச் சேமிப்பும் கண் முன்னால் சாகும்போது நாம் மட்டும் என்ன செய்வோம்?

வந்தபின் மருந்து இல்லை, ஆனால் வராமல் தடுக்க ஊசி உண்டு. 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிறுவனத்தில் நம் அரசே தயாரிக்கிறது. நோய்க்கு ராணிக்கெட், மருந்துக்கு ராணிப்பேட்டை. மறக்காமல் இருக்க எனக்கு இது வசதி. குஞ்சு பொரித்து ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் தோலில் ஊசி. கால்நடைத் துறை வருடந்தோறும் பிப்ரவரியில் இரண்டு வார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது.

அப்புறம் ஏன் இருபத்து மூன்றும் செத்தன? இங்கேதான் கணக்கு வருகிறது.

ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு. திறந்து கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்ட வேண்டியதுதான். அதுவரை ஐஸிலேயே இருக்க வேண்டும். நாமக்கல் பண்ணையில் ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழி. அவர்களிடம் மருத்துவர் உண்டு, அட்டவணை உண்டு, குப்பி வீணாகாது. கிராமத்தில் வீட்டுக்கு எட்டுக் கோழி. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் எட்டும் எட்டுத் திசைக்குப் போய்விடும். எட்டுக் கோழிக்காக யாரும் குப்பியைத் திறக்க மாட்டார்கள். ஒரே நேரத்தில் ஒரே தெருவில் நூறு கோழியைப் பிடித்து வைக்க ஆள் இல்லாததுதான் குறை.

இன்னொன்று. முகாம் பிப்ரவரியில் முடிந்துவிடும். கோழி காலண்டர் பார்த்தா அடை உட்காருகிறது? சித்திரையில் பொரித்த குஞ்சுக்கு அடுத்த பிப்ரவரி வரை பாதுகாப்பு இல்லை. அந்த அம்மாவிடம் இருந்த இருபத்து மூன்றில் முக்கால்வாசி முகாமுக்குப் பிறகு வளர்ந்தவை. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் 1962க்குப் போன் செய்தால் வண்டி வருகிறது, நல்ல ஏற்பாடு. கோழிக்கு யாராவது போன் செய்வார்களா? செய்ய அவர்களுக்கே கூச்சம்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வீட்டுப்புறத்தில் வளரும் கோழி முதலான பறவைகள் 31 கோடிக்கு மேல். அதற்கு முந்தைய கணக்கெடுப்பை விட 45 சதவீதத்துக்கு மேல் அதிகம். பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிற சொத்து. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகத்துக்கு விற்கிற சேவல் அதில்தான் வருகிறது.

ஐப்பசியில் அந்த அம்மாவின் ஊருக்குப் போனேன். அவரையும் கூட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். டாக்டர் இளைஞர், பல ஊருக்கு அவர் ஒருவரே. "நூறு கோழி சேர்த்துட்டுச் சொல்லுங்க சார், நான் வந்துடறேன்" என்றார். சொன்னபடி ஆறரை மணிக்கு வந்தார். நாங்கள்தான் தோற்றோம். ஐந்தரைக்கே பாதி வீட்டில் கோழியைத் திறந்து விட்டுவிட்டார்கள். முருங்கை மரம், வைக்கோல் போர் என்று துரத்தி, எனக்கு முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம். பிடித்தது 31. மீதி மருந்து மண்ணில்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும். இந்த முறை அந்த அம்மாவே முந்தின நாள் இரவு வீடு வீடாகப் போய், "காலைல நான் வர்ற வரைக்கும் பஞ்சாரத்தைத் தூக்காதீங்கடி" என்று சொல்லி வைத்தார். பன்னிரண்டு வீடு, 97 கோழி. ஏழு மணிக்குள் முடிந்தது. நான் எதையும் பிடிக்கவில்லை, நோட்டில் எழுதினேன். பழக்கம் போகுமா?

மார்கழியில் பக்கத்து ஊரில் சீக்கு வந்தது. ஊசி போட்ட 97இல் செத்தது இரண்டு. ஆனால் ஊசிக்குப் பின் பொரித்த குஞ்சுகளில் நிறையப் போய்விட்டன. ஒரு தெருவை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சரிதான். இருந்தாலும் அந்தக் குஞ்சுகள்தான் எனக்குப் பாடம். வருடத்துக்கு ஒரு தடவை என்பது போதாது.

ஆப்பிரிக்காவில் மொசாம்பிக்கில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வெயிலை ஓரளவு தாங்கும் ஐ-2 என்ற தடுப்பு மருந்து ஆஸ்திரேலியாவில் உருவானது. அதை அங்கே கண்ணில் ஒரு சொட்டாக, நாலு மாதத்துக்கு ஒரு முறை விடுகிறார்கள். விடுபவர் கிராமமே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த ஆள், பல இடங்களில் பெண். கோழிக்கு இவ்வளவு என்று சிறு கூலி உண்டு. அந்தக் கூலிதான் முக்கியம் என்பது என் எண்ணம். இலவச சேவை முகாம் நாளோடு முடிந்துவிடும். கூலி வாங்குகிறவர் தானே கதவைத் தட்டுவார். நம்முடைய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீவனம்போல வாய்வழியே கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்து ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அது தாராளமாகக் கிடைத்தால் கோழியைத் துரத்தும் வேலையே குறையும்.

நம் முட்டைக்காரம்மாவின் மருமகள் பன்னிரண்டாவது படித்தவர், ஸ்கூட்டி ஓட்டுவார். குஞ்சுக்குச் சொட்டு மருந்து விடக் கற்றுத் தருவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊசி டாக்டரின் மேற்பார்வையில். கோழிக்கு 5 ரூபாய் என்றால் நூறு கோழிக்கு 500. அந்த வீடுகள் 3 ரூபாய் தரச் சம்மதித்துவிட்டன. மீதி 2 ரூபாயை ஒரு வருடத்துக்கு நாம் தர முடியுமா என்று கேட்கத்தான் இன்று மைக் பிடித்தேன். நாலு மாதத்துக்கு ஒரு முறை, ஐந்து தெரு, சுமார் 500 கோழி. வருடத்துக்கு 3,000 ரூபாய். நம் தீபாவளி வாணவேடிக்கைக்கு எவ்வளவு செலவானது என்பது பொருளாளருக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

பழைய ஐஸ் பெட்டி, நன்றாக மூடுகிற தெர்மோகோல் பெட்டி, ஜெல் பாக்கெட் வீட்டில் சும்மா கிடந்தால் செக்யூரிட்டி அறையில் கொடுங்கள். அங்கேயே ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன், பெயரும் பிளாட் எண்ணும் எழுதினால் போதும். பணம் என்னிடம் தர வேண்டாம், சங்கக் கணக்கில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிப்ரவரி முகாம் தொடங்குவதற்கு ஒரு வாரம்கூட இல்லை. அந்த ஊருக்கு என்றைக்கு என்று டாக்டர் சொன்னதும் குழுவில் போடுகிறேன். காலை நாலரை மணிக்கு என் காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

சமோசா வந்துவிட்டது போலிருக்கிறது. வணக்கம்.