திருவிழா ஒலிபெருக்கியும் வாட் கணக்கும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தோட்டத்தின் தீமிதித் திருவிழாவுக்கு நாம் சென்றிருந்தோம். கரகம் ஆலயத்தை நெருங்கும் வேளையில் ஒலிபெருக்கி கரகரத்தது; சற்று நேரத்தில் அறவே அடங்கிவிட்டது. அப்பொழுதுதான் ஒரு தாய், தம் குழந்தையைக் காணவில்லை என்று மேடைக்கு ஓடி வந்தார். அறிவிக்க வழியில்லை. இளைஞர்கள் கூட்டத்துக்குள் புகுந்து பெயர் சொல்லிக் கூவியே குழந்தையைக் கண்டுபிடித்தனர். ஒலிபெருக்கியை இயக்கிய இளைஞரை எல்லாரும் ஏசினர். “அடுத்த ஆண்டு இதைவிடப் பெரிய ஆம்பிளிபையர் வாங்கிவிடுவோம்” என்றார் பொருளாளர்.

வாங்கத் தேவையில்லை என்பதைக் கூறவே இன்று உங்கள்முன் நிற்கிறோம்.

அங்கிருந்தது 60 வாட் ஆம்பிளிபையர். ஆலயக் கூரைமேல் 30 வாட் குழாய்கள் இரண்டு. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரிதான். ஆயினும் மக்கள் நின்றதோ தொலைவில். அவர்களுக்குக் கேட்கவில்லை என்பதால் திருகைக் கடைசிவரை திருப்பினார்கள். 60 வாட் தரக்கூடிய கருவியிடம் அதற்கு மேலும் கேட்டால், அது ஒலியலையின் உச்சிகளை வெட்டிவிடுகிறது. அதுவே நாம் கேட்கும் கரகரப்பு. அந்நிலையில் வெளியேறும் மின்திறன் சில வேளைகளில் ஏறக்குறைய இருமடங்கை எட்டும். குழாயினுள் இருக்கும் மெல்லிய கம்பிச்சுருள் அவ்வெப்பத்தைத் தாங்காது கருகிவிடுகிறது. கரகரப்புக் கேட்டவுடன் திருகைக் குறைத்திருந்தால் குழாய்கள் பிழைத்திருக்கும்.

வாட்டை இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 60 வாட்டை 120 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறிதளவு மாற்றமே. சத்தம் இருமடங்காகத் தோன்ற, ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். திறந்தவெளியில், குழாய்க்கும் கேட்பவருக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினாலோ 6 டெசிபல் கூடுகிறது. இது நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம்! செலவு, கொஞ்சம் கம்பியும் ஒரு கம்பமும்.

ஆகவே அதே ஆம்பிளிபையருடன், மக்கள் நிற்கும் இடங்களுக்கு அருகில் நான்கு குழாய்களைக் கட்டலாம். நூறு வோல்ட் கம்பி முறையில் ஒவ்வொரு குழாயுடனும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதில் 5, 10, 15 வாட் என்று குறித்த முனைகள் உண்டு. நான்கையும் 10 வாட் முனையில் இணைத்தால் மொத்தம் 40. சமையல் கொட்டகைக்கு 5 வாட் பெட்டி ஒன்று; திருவிழா நாள் முழுதும் அடுப்படியில் நிற்கும் தாய்மார்களை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம். ஆக 45. ஆம்பிளிபையரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்காமல் விடுவது நலம். 60 வாட் கருவிக்கு 48 என்பதே எல்லை.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. டிரான்ஸ்பார்மர் இல்லாத வீட்டு ஒலிபெருக்கிப் பெட்டியை இரவல் வாங்கி வந்து இக்கம்பியில் பூட்டிவிடாதீர்கள். 8 ஓம் பெட்டி ஒன்று நூறு வோல்ட்டில் 1,250 வாட் கேட்கும்! பெட்டியோ ஆம்பிளிபையரோ, இரண்டில் ஒன்று போய்விடும். குழாய்கள் பேச்சுக்கு ஏற்றவை. அடித்தொனி அவற்றுக்கு ஆகாது. ‘பாஸ்’ திருகைக் குறைத்து வைக்காவிடில், உறுமி மேளப் பாட்டு உள்ளிருக்கும் மென்தகட்டைக் கிழித்துவிடும்.

இவற்றையெல்லாம் திருவிழாவுக்கு முதல்நாள் மாலையே கட்டி முடித்து, ஒருவரை மேடையில் பேசவிட்டு, மற்றொருவர் திடலின் கோடிவரை நடந்து கேட்டு வரவேண்டும். மறு ஆண்டு அத்தோட்டத்து இளைஞர்கள் அவ்வாறே செய்தனர். பழைய ஆம்பிளிபையரே போதுமானதாயிற்று. திருகு பாதிக்கு மேல் ஏறவில்லை.