பாய்மரக் கப்பலும் பழகிய கைகளும்



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையின் எந்த உச்சியில் நின்றாலும் கடல் தெரியாது. ஆனாலும் இன்று கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். உருக்காலையில் ஃபிட்டராக இருந்தவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர், காபித் தோட்டத்துத் தச்சர், பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று பலரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

சீனாவிலிருந்து தேயிலையும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு வந்த கோட்டன்பர்க் என்ற ஸ்வீடன் நாட்டுக் கப்பல், 1745-இல் சொந்தத் துறைமுகத்தின் வாசலிலேயே பாறையில் மோதி மூழ்கியது. அதே வடிவில் ஒரு கப்பலை மறுபடி கட்டி 2005-இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். திரும்பும் வழியில், 2007-இல், அது சென்னைத் துறைமுகத்துக்கும் வந்தது. கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலின் மறுவடிவம் 1993-இல் ஆஸ்திரேலியாவில் கடலில் இறங்கியது. இன்று அதைச் சிட்னியில் உள்ள கடல்சார் அருங்காட்சியகம் பராமரிக்கிறது. இப்படிப்பட்ட கப்பல்களைச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் மட்டும் காப்பாற்றிவிட முடியாது. கூலி வாங்காமல் உழைக்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் அவர்களில் நிறைய.

அப்படி என்ன வேலை? மரக்கப்பலைக் கட்டுவது ஒரு முறை, காப்பது நாள்தோறும். வெயிலில் பலகை சுருங்கும், மழைநீர் தேங்கினால் உளுத்துப் போகும். பலகை இடுக்குகளில் நாரைத் திணித்துக் கீல் பூச வேண்டும். கலப்பத்து என்பது நம் கடற்கரை இதற்கு வைத்த பெயர். அறுந்த கயிற்றைப் புரி பிரித்து, புரிக்குள் புரி கோத்து இணைக்க வேண்டும். கப்பிகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட வேண்டும், கிழிந்த பாயைத் தைக்க வேண்டும். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலுமிகள் எங்கே படுத்தார்கள், எதைத் தின்றார்கள் என்று அலுக்காமல் சொல்ல வேண்டும். பாய்மரத்தில் ஏறிப் பாயைச் சுருட்டுவது இளையவர்களின் வேலையாகவே இருக்கட்டும். மற்றவற்றுக்கு வலுவைவிடப் பொறுமைதான் பெரிது. முப்பது வருடம் ஒரே இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே அதன் கோளாறைச் சொன்னவருக்கு அந்தப் பொறுமையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் அப்படி ஒரு கப்பல் வந்துவிட்டது. அஜந்தா ஓவியத்தில் இருக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, ஆணி அடிக்காமல், தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கோவாவில் கட்டினார்கள். தைத்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்கள், தலைமை பாபு சங்கரன். அந்தக் காலத்து வரைபடம் எதுவும் கிடையாது. ஓவியத்தைப் பார்த்து அளவுகளை ஊகித்தார்கள். அந்த வடிவம் தண்ணீரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மாதிரி ஒன்றை வைத்துச் சோதித்துச் சொன்னது சென்னை ஐ.ஐ.டி. 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்த்து, கௌண்டின்யா என்று பெயர் வைத்தார்கள். எஞ்சின் இல்லாத அந்தக் கப்பல் அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, 2026 ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அது கடற்படைக் கப்பல். ஓய்வு பெற்ற ஒரு ஃபிட்டர் வாரம் இரண்டு நாள் போய்க் கயிறு முறுக்கிவிட்டு வர, தமிழ்நாட்டில் நமக்கென்று ஒரு கலம் வேண்டும் என்பது என் ஆசை. எதைக் கட்டுவது என்று தேடி அலைய வேண்டியதில்லை. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தூத்துக்குடிப் பாய்மரத் தோணி இருக்கிறதே! எஞ்சின் வந்து பாய்கள் இறங்கி, அதிகக் காலம் ஆகிவிடவில்லை.

மலையில் வாழ்கிறவர்களுக்குக் கடலோடு என்ன உறவு என்று கேட்கலாம். பழையதைக் காப்பதில் இந்த மலைக்கே ஒரு முன்னோடி உண்டு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்குக் காட்டிய ராபர்ட் புரூஸ் ஃபுட், 1891-இல் நிலவியல் ஆய்வுத் துறையிலிருந்து ஓய்வு பெற்றார். முதுமையில் அவர் வாழ்ந்த ஊர் ஏற்காடு. இந்த மலையில் கிடைத்த வழவழப்பான கற்கோடரிகளை இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் கோயில்களில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். அவர்கள் காப்பாற்றியதும் ஒரு காவல்தான். ஃபுட் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவற்றைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் பெற்றுக்கொண்டது. அதோடு அவர் கை கழுவிவிடவில்லை. எந்தக் கல் எங்கே கிடைத்தது, எதனால் ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினார். 1912-இல் அவர் இறந்த பிறகுதான் அந்தப் பட்டியல் அச்சில் வந்தது. ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவுச்சின்னம் இருக்கிறது.

தோணிக்கும் முதலில் வேண்டியது அப்படி ஒரு பட்டியல்தான். கட்டுவதற்கு மரமும் பணமும் அரசின் மனமும் வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். பாய் விரித்துத் தோணி ஓட்டிய தண்டல்களும், அதைக் கட்டிய ஓடாவிகளும் முதுமையில் இருக்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பாயை எப்படித் திருப்பினார்கள், முன்பகுதியான அணியத்துக்கு எந்த மரம், பின்பகுதியான அமரத்துக்கு எந்த மரம் என்பதெல்லாம் அவர்கள் வாய்ச்சொல்லில் இருக்கிறது. உங்களில் வரையத் தெரிந்தவர் அளவு கேட்டு வரையலாம். ஆசிரியராக இருந்தவர் எழுதிக்கொள்ளலாம். தச்சர் ஒருவர் கூடப் போனால், ஓடாவியிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மழைக்காலத்துக்கு முன் ஒரு நடை தூத்துக்குடிக்குப் போய்வாருங்கள்.