விழிக்கும் முன்னே அணையும் கணினி

விட்டுவிட்டுக் காய்ச்சல் கண்டவனிடம் பழைய நாட்டு வைத்தியர் கேட்ட முதற் கேள்விகளுள் ஒன்று, காய்ச்சல் எந்த நேரத்தில் வருகிறது என்பது. நேரம் தெரிந்தால் நோயின் இனம் பாதி தெரிந்துவிடும். தொடங்கும்போதே அணைந்துபோகும் மடிக்கணினிக்கும் இந்த முறையே பொருந்தும். அது அணைகிறது என்று சொல்வதனால் பயன் சிறிது. எந்தக் கணத்தில் அணைகிறது என்று சொல்ல முடிந்தால், பழுது எங்கே இருக்கிறது என்பதற்கு வழி பிறக்கும்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து மேற்கே சென்றால் வேலணைத்தீவு. அத்தீவின் வடபால், ஊர்காவற்றுறைக்கு அண்மையில் இருப்பது கரம்பொன். 1990 ஆம் ஆண்டிற் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் கடல் கடந்தும் சென்றனர். ஆகையால், இன்று அவ்வூரிலுள்ள ஒரு வீட்டின் மடிக்கணினி வெறும் எழுதுகருவி அன்று. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் குறிப்புகள் அதில் இருக்கும். காணி உறுதியின் படம் இருக்கும். இறந்துபோன பாட்டியின் முகம் இருக்கும். தொரந்தோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினரை மாலைதோறும் வீட்டுக்குள் அழைத்து வருவதும் அதுவே. அத்தகைய பெட்டி ஒருநாட் காலை, ஒளிர்ந்த மறுகணமே இருண்டுபோனால் வீடு கலங்குவது இயல்பு.

அக்கலக்கத்திற் செய்யப்படும் முதற் பிழை, ஆழியை மீண்டும் மீண்டும் அழுத்துவது. வீட்டு மின்சாரப் பெட்டியில் ட்ரிப் சுவிச் விழுந்தால், ஏன் விழுந்தது என்று பாராமல் அதனைத் திரும்பத் திரும்ப உயர்த்திவிடுவதை எந்த மின்வினைஞரும் ஒப்பமாட்டார். கணினியும் பெரும்பாலும் தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே அணைகிறது. அது ஓர் எச்சரிக்கை.

ஆழியை அழுத்தியதும் உள்ளே நடப்பது ஓர் ஒழுங்கான அணிவகுப்பு. முதலில், மின்சாரம் சரியான அளவில் வருகிறதா என்று ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு பார்க்கிறது. அடுத்து, பலகையில் நிலையாகப் பதிந்துள்ள தொடக்க நிரல் எழுந்து, நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவற்றைச் சோதிக்கிறது. அதன் பின்னரே, சேமிப்புத் தட்டிலிருந்து விண்டோஸ் போன்ற இயக்க முறைமை ஏற்றப்படுகிறது. கடைசிப் படியில் செயலி முழு வேகத்தில் உழைக்கும்; மின்தேவை திடீரென உயரும்; வெப்பமும் ஏறும்.

இனி, நேரத்தைக் கவனிக்கலாம். ஓரிரு விநாடிக்குள், திரையில் எதுவும் தோன்றுமுன்னரே அணைந்தால், ஐயம் மின்வழங்கலின் மீதும் நினைவகத்தின் மீதும் செல்ல வேண்டும். சார்ஜரைக் கழற்றி, மின்கலம் கழற்றக்கூடியதாயின் அதனையும் எடுத்துவிட்டு, ஆழியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் பலகையில் தேங்கிய மின்னூட்டம் வடிந்துவிடும். பின்னர் சார்ஜரை மட்டும் இணைத்துப் பார்க்கலாம். நினைவகத் தகடு கழற்றத்தக்கதாயின் அதனை எடுத்து மீண்டும் செம்மையாகப் பொருத்துவதனாலேயே சில பொறிகள் உயிர் பெறுகின்றன. இவ்விடத்திற் கடலை நினைக்க வேண்டும். தீவகத்துக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. கதவின் கீலைத் துருப்பிடிக்கச் செய்யும் அதே காற்று, கணினியின் செம்புத் தொடுமுனைகளையும் மெல்ல அரிக்கிறது.

பெயர்ச் சின்னம் தோன்றி, சில நிமிடங்கள் கழிந்த பின் அணைந்தால் வெப்பத்தை எண்ண வேண்டும். பல செயலிகளுக்கு ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் எல்லை. அதனை அணுகும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனையும் மீறினால் மின்சாரமே துண்டிக்கப்படும். காற்றுத்துளையில் காதை வைத்து விசிறி சுழலும் ஓசை கேட்கிறதா என்று பார்க்கலாம். துளையில் தூசி அடைத்திருந்தால், பொறியை அணைத்து, விசிறியின் இதழ் சுழலாதபடி பிடித்துக்கொண்டு தூசியை அகற்ற வேண்டும். செயலிக்கும் வெப்பத்தைக் கடத்தும் உலோகத்துக்கும் இடையே பூசிய பசை ஆண்டுகள் செல்லக் காய்ந்துவிடும். அதனைப் புதுப்பிப்பது கைதேர்ந்தவரின் வேலை. மெத்தைமேல் வைத்து இயக்கினால் அடித்துளை அடைபடும் என்பதையும் மறத்தலாகாது. ஒரு மரப்பலகை போதும்.

இயக்க முறைமை ஏறத் தொடங்கிய கணத்திலேயே அணைந்தால், மூப்படைந்த மின்கலத்தின் மீது ஐயம் எழும். திரையில் நாற்பது விழுக்காடு என்று காட்டும்; ஆயினும் அணையும். காரணம் எளிது. இலித்தியம் மின்கலம் பழகப்பழக அதன் உட்தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது நிறைவாகத் தோன்றுவது, பாரம் ஏறியதும் மின்னழுத்தம் இழந்து தளர்கிறது. உடனே காவற்சுற்று அதனைத் துண்டித்துவிடுகிறது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தது. அத்தகைய காலங்களில் அடிக்கடி முற்றாக வடிந்து, வெப்பத்தில் மீண்டும் ஏற்றப்பெறும் மின்கலம் விரைவில் மூப்படைதல் இயல்பே. சார்ஜரின் வலுவும் பார்க்கத்தக்கது. 65 வாட் கேட்கும் பொறிக்கு 45 வாட் சார்ஜரைக் கொடுத்தால், நல்ல மின்கலம் குறையை ஈடுசெய்யும். தளர்ந்த மின்கலம் கைவிட்டுவிடும். மின்கலம் உப்பியிருந்தால் வேறு சோதனை எதுவும் வேண்டா. அதனை அழுத்தாமலும் குத்தாமலும் மின்னேற்றாமலும் உடனே வல்லவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். தீப்பற்றும் அபாயம் உண்டு.

அணைதலும் மீளத் தொடங்குதலும் ஒன்றல்ல. அணைந்து தானே மறுபடி எழுந்து, சுற்றிச் சுற்றி அதனையே செய்தால், இயக்க முறைமையோ சேமிப்புத் தட்டோ பழுதுற்றிருத்தல் கூடும். இதனைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தொடங்கும்போது எஃப் 2, டிலீட் போன்ற விசைகளுள் பொறிக்குரியதை அழுத்தினால் தொடக்க நிரலின் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கேயே இருபது நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கும் அணைந்தால் பழுது வன்பொருளில். விண்டோசைக் குறை சொல்வதிற் பயனில்லை. அங்கே நிலைத்து நின்றால், யுஎஸ்பி தண்டொன்றில் உள்ள லினக்ஸ் முறைமையைக் கொண்டு தொடங்கிப் பார்க்கலாம். அதிலும் அணைந்தால் மின்கலத்தையும் வெப்பத்தையும் மீண்டும் நாட வேண்டும். அதில் நன்றாக இயங்கினால், பழுது பழைய முறைமையிலோ தட்டிலோ இருக்கிறது.

பொறி அவ்வாறு சிறிது நேரம் உயிர்த்திருக்கும்போது முதலிற் செய்ய வேண்டுவது பழுது நீக்குதல் அன்று. உள்ளிருப்பதைப் பிரதி எடுத்தல். திருத்துமிடத்திற் கொடுக்கும்போதும், "உள்ளிருப்பதை அழித்து நிறுவ வேண்டாம், முதலிற் கோப்புகளை எடுத்துத் தாருங்கள்" என்று எழுதியே கொடுத்தல் நன்று. பொறி முற்றாக மடிந்தாலும், சேமிப்புத் தட்டு பெரும்பாலும் பிழைத்திருக்கும். கழற்றத்தக்கதாயின் வேறொரு கணினியில் அதனை வாசிக்கலாம். ஆனால், புதிய பொறிகள் பலவற்றில் தட்டு மறைகுறியீட்டினாற் பூட்டப்பட்டிருக்கும். அதன் மீட்புத் திறவுகோல், பொறி நலமாக இருக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி வைக்கப்பட வேண்டியது.

பிரதியின் அருமையைக் கரம்பொன்னுக்கு வேறெவரும் போதிக்க வேண்டியதில்லை. 1913 இற் பிறந்த தனிநாயகம் அடிகளாரின் ஊர் அது. 1679 ஆம் ஆண்டு அம்பலக்காட்டில் அச்சான, புரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி காலப்போக்கில் வழக்கிழந்து மறைந்திருந்தது. வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த பிரதியை அடிகளார் கண்டு, 1966 இற் கோலாலம்பூரில் நிழற்படப் பதிப்பாக வெளிக்கொணர்ந்தார். ஒரு நூலகத்தில் ஒடுங்கிக் கிடந்தது உலகத்துக்கு உரியதாயிற்று. அதற்கு மாறான துயரத்தையும் யாழ்ப்பாணம் அறியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்திற் பிரதி இருந்தவற்றை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரே பிரதியாய் இருந்தவை போனவை போனவையே.

மின்கலத்துக்கு விலை உண்டு. விசிறிக்கும் விலை உண்டு. பணம் சேர்ந்ததும் தாம்போதியைக் கடந்து பட்டினத்துக்குச் சென்றால் அவற்றை வாங்கி வரலாம். பாட்டியின் முகத்தை எக்கடையிலும் வாங்க முடியாது. ஆகவே, கணினி நலமாக விழித்தெழும் ஒரு காலையிலேயே, அதிலுள்ளவற்றை வேறொரு தட்டில் ஒன்றும், கடல் கடந்த உறவினரிடம் ஒன்றுமாக இரு பிரதிகள் செய்து வைப்பது அறிவுடைமை. அதன் பின்னர் அது அணைந்தால், அது ஒரு பொறியின் பழுது மட்டுமே. ஆழியிலிருந்து கையை எடுத்து, நேரத்தைக் கவனித்து, அமைதியாகக் காரணத்தைத் தேட அந்த வீட்டாருக்கு அப்போது மனம் வரும்.