சுருட்டை விரியன் தந்த மருந்து
(கெலமங்கலத்தில் ஆற்றப்பெற்ற பொழிவு)



கற்குவியலிடையே சுருண்டு கிடந்து, செதிலோடு செதிலை உரசி அரம் தீட்டுவது போல் ஒலியெழுப்பும் சுருட்டை விரியன், வறண்ட நிலத்து உழவர்க்குப் புதியதன்று. அது தீண்டினால் அரத்தம் உறையுந் தன்மையை இழக்கும்; பல்லீறும் புண்வாயும் நில்லாது கசியும். அக்கொடிய நஞ்சிலிருந்தே மாரடைப்புக்கு ஒரு மருந்து பிறந்தது.

அந்நஞ்சில் எக்கிசுட்டாட்டின் என்னும் பெப்டைடு, அஃதாவது சிறு புரதத் தொடர், ஒன்றுண்டு. 49 அமினோக் காடிகள் கோத்த தொடர் அது. அரத்தத்தின் நுண்தட்டுகள் ஒன்றையொன்று பற்றினால்தான் கட்டி உண்டாகும். அவற்றின் பற்றுவாயில் இத்தொடர் சென்று அடைத்துக்கொள்கிறது. அடைப்பதற்கு இன்றியமையாதன மூன்றே காடிகள். அவற்றின் அமைப்பைக் கற்று, அதனை ஒத்த சிறு வேதிப்பொருளை மெர்க்கு என்னும் அமெரிக்க நிறுவனத்தார் ஆக்கினர். தைரோபிபான் என்னும் அம்மருந்து 1998இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. நெஞ்சாங்குலையின் அரத்தக் குழல்களில் கட்டி பெருகாவண்ணம் இன்று ஊசிவழி ஏற்றப்படுகிறது. ஏற்றப்படுவது நஞ்சன்று, நஞ்சு கற்பித்த பாடம்.

இதற்கு முன்னோடி பிரேசில் நாட்டுச் சரராக்கா விரியன். அரத்த அழுத்தத்தைத் தாழ்த்தத் துணைசெய்யும் பொருளொன்று அதன் நஞ்சிலுண்டு என்று 1965இல் வெளியிட்டவர் செர்சியோ பெரெய்ரா என்னும் பிரேசில் அறிஞர். அவ்வழியே கேப்டோபிரில் வில்லையை ஆக்கியதோ அமெரிக்க இசுகுவிப்பு நிறுவனம், ஆண்டு 1981. பாம்பும் பிரேசிலது, அறிஞரும் பிரேசிலர். வணிகம் மட்டும் பிறருடையது!

இனித் தமிழ்நிலத்தைப் பார்ப்போம். பாம்புத்தோல் வணிகம் 1970களில் தடைப்பட்டபோது பிழைப்பிழந்த இருளர்க்காக, 1978இல் மாமல்லபுரத்தையடுத்த வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுக் கழகம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மட்கலங்களில் சிலகாலம் வைத்து, நஞ்செடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். நாட்டின் நச்சுமுறி மருந்துக்குப் பெரும்பகுதி நஞ்சு தந்த கைகள் அவை. 2023இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர்க்கு இந்திய அரசு பத்மசிறீ வழங்கியது. விருது வந்தது நன்றே. அவர்தம் அறிவுக்கு உரிமைப்பங்கு?

ஒரே இனப் பாம்பின் நஞ்சும் நிலத்துக்கு நிலம் வேறுபடுமென்று, இங்கிருந்து எட்டும் தொலைவிலுள்ள பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் ஆய்ந்து காட்டியுள்ளனர். ஆகவே இக்கற்காட்டுச் சுருட்டையின் நஞ்சு தனியே ஆராயத் தக்கது. அதன் இருப்பிடமும் பழக்கமும் அறிந்த இருளர் இம்மாவட்டத்துக் காட்டோரச் சிற்றூர்களிலும் வாழ்கின்றனர்.

உயிர்வளத்தை வணிகமாக்குவோர் அதைக் காத்த மக்களோடு பயனைப் பகிர்தல் வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தின் நெறி. உள்ளாட்சிதோறும் குழு அமைத்து மக்கள் பதிவேடு எழுத வேண்டுமென்றும் அது பணிக்கிறது. அப்பதிவேட்டில் சுருட்டை விரியனும் இருளர் அறிவும் அவர்தம் சொல்லிலேயே ஏறியுள்ளனவா என்று கெலமங்கலத்தார் நாளையே பேரூராட்சி அலுவலகத்திற் சென்று கேட்கலாம்.