காட்டுக் குடிலும் பாழ்மனைகளும்



நம் அமர்வுகளில் படிக்கப்பெறும் கவிதைகளில் காடு வந்தால் உடன் தனிமையும் வந்துவிடும்; பாழ்வீடு வந்தால் மௌனம் வந்துவிடும். இவ்வழக்கத்தோடு இன்று சற்றே பிணங்க விழைகிறேன். துணைக்கு அழைப்பது தனிமைக்கே பேர்போன ஒருவரை.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரையடுத்த வால்டன் குளக்கரைக் காட்டில், 1845 ஜூலை 4 அன்று ஹென்றி டேவிட் தோரோ குடில் புகுந்தார். 10 அடி அகலம், 15 அடி நீளம். அங்கு வாழ்ந்த இரண்டாண்டுகளைப் பற்றிய 'வால்டன்' 1854இல் வெளிவந்தது. இவை நாம் அறிந்தவை. அக்குடிலின் பலகைகள் எங்கிருந்து வந்தன? இருப்புப்பாதைத் தொழிலாளியான ஜேம்ஸ் காலின்ஸ் என்னும் அயர்லாந்துக்காரரின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்தெடுத்தவை அவை. அக்குடும்பம் மூட்டையோடு விடியலில் வெளியேறியது. பூனை மட்டும் உடன் செல்லவில்லை. காட்டுப்பூனையாகிப் பொறியில் சிக்கி மாண்டது. இதையும் தோரோவே எழுதுகிறார்.

நூலில் முன்னாள் குடியிருப்பாளர்களைப் பற்றி ஓர் இயல் உண்டு. குளத்தைப் பாடும் பக்கங்களைக் காட்டிலும் எனக்கு அதுவே உயர்ந்தது. காட்டில் திரிந்தவர் கண்டது நிலவறைப் பள்ளங்களை. தூர்ந்த கிணற்றின் குழிவை. கதவும் நிலையும் போன பின்னும் வாசற்புறத்தில் பூக்கும் லைலாக் செடியை. அவற்றுக்கு உரியோரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். முதுமைக்கு உதவுமென்று வாதுமை மரங்கள் வளர்த்த கேட்டோ, அடிமையாயிருந்தவர். மரங்களோ ஒரு வெள்ளையர் கைக்குப் போயின. நூல் நூற்றுப் பாடிய கறுப்பினப் பெண் ஸில்பா. 1812ஆம் ஆண்டுப் போரின்போது அவள் இல்லாத வேளையில் ஆங்கிலப் போர்க்கைதிகள் வீட்டை எரித்தனர். நாயும் பூனையும் கோழிகளும் உள்ளேயே வெந்தன. பிரிஸ்டர் ஃபிரீமன் நட்ட ஆப்பிள் மரங்கள் தோரோ காலத்திலும் காய்த்தன. செவிவழிச் செய்திகளே பல. இடையிடையே தொனியில் ஓர் எள்ளலும் உண்டு. ஆயினும் பெயர்கள் நின்றுவிட்டன.

கான்கார்டு தழைக்க இச்சிற்றூர் ஏன் அழிந்தது என்றும் அவர் வினவுகிறார். விடுதலை பெற்ற அடிமைகளுக்கு விளைச்சலற்ற நிலமே வாய்த்தது என்பதை எலிஸ் லெமயர் 2009இல் வெளியான தம் நூலில் விளக்குகிறார். அக்காட்டின் தனிமை, சிலர் ஒதுக்கப்பட்டு நேர்ந்தது. அதை அழகென்று மட்டும் பாடுவது எனக்கு உடன்பாடில்லை.

1847 செப்டம்பரில் தோரோ வெளியேறினார். குடில் கைமாறி, இடம்பெயர்ந்து, 1868இல் பிரிக்கப்பட்டது. 1945இல் ராலண்ட் ராபின்ஸ் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தவை புகைபோக்கியின் அடித்தளக் கற்களே.